நல்ல ரோடு, கெட்ட ரோடு!

பெடல் பக்கம்

இன்டர்னல்ஸ் முடிஞ்சு, மார்க் வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன கேப் கிடைக்குமே... இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டுக்கு அதுதான் பொற்காலம்! அந்த கேப்பில் தியேட்டருக்குப் போறவங்க ஒரு ரகம். இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குறவங்க ஒரு ரகம். நானும் என் ரூம்மேட்டும் மூணாவது ரகம். ரெண்டு சைக்கிளை எடுத்துக்கிட்டு ஜவ்வாது மலைக்குக் கிளம்பிட்டோம்.

'மலைக்கு சைக்கிளா? பைக்கே மூச்சு வாங்குமேப்பா!'னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. எங்களுக்கும் மூச்சு வாங்கிச்சு. அதை அப்புறம் சொல்றேன். முதல்ல எதுக்குப் போனோம்னு சொல்லிடறேன்.

கிராவல் ரைடிங்!

வழவழ தார் ரோட்டுல பறக்கிறதுக்குன்னு ஒரு சைக்கிள் இருக்கு. டயர் சுண்டுவிரல் மாதிரி ஒல்லியா இருக்கும். பாறை மேல ஏறிக் குதிக்கிறதுக்குன்னு மவுன்டன் பைக் இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஜல்லி, சரளை, செம்மண்னு கிடக்கிற ரோட்டுக்காகப் பிறந்ததுதான் கிராவல் சைக்கிள். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், பொதுவா 38-லேர்ந்து 45 மில்லிமீட்டர் வரைக்கும் அகலமான டயர், மேடு ஏற நல்லா இறங்கிக் கொடுக்கிற கியர். குன்று, காடு, தோப்பு, வயல்னு ஏறி இறங்கிப் போற ஊர்ப் பாதைதான் இதோட சொர்க்கம்.

அமெரிக்காவுல கேன்சஸ் மாகாணத்துல எம்போரியான்னு ஒரு ஊர். அங்கே 2006-ல் வெறும் 34 பேர் சேர்ந்து, மண் ரோட்டுலயே 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் ஓட்டற ஒரு பந்தயத்தை ஆரம்பிச்சாங்க. அது இன்னைக்கு 'அன்பவுண்ட் கிராவல்'ங்கிற பேர்ல உலகப் பிரபலம். அந்தக் குன்றுகள்ல கிடக்கிற சிக்கிமுக்கிக் கல் டயரைக் கத்தி மாதிரி கிழிக்குமாம். 2022-ல் சைக்கிள் பந்தயங்களுக்கான சர்வதேச சம்மேளனமே இத்தாலியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்திடுச்சு. ஆக, மண் ரோடு இப்போ ஃபேஷன்!

ஆனா ஒரு நல்ல கிராவல் சைக்கிளோட விலையைக் கேட்டா நம்ம செமஸ்டர் ஃபீஸ் வெட்கப்பட்டுத் தலை குனியும். 'சரி, நமக்கு இது சரிப்படாது'னு நான் மூடி வச்சப்போதான் ரூம்மேட் ஒரு வேலை பண்ணான். வாணியம்பாடியில் அவன் வீட்டுக்குப் பின்னாடி, சாக்கு மூடிக் கிடந்த அவங்க அப்பாவோட பழைய சைக்கிளை வெளியே இழுத்துட்டு வந்தான். தோல் ஃபேக்டரிக்கு அவர் பல வருஷம் போய் வந்த வண்டி. டயர்ல என்ன போட்டிருக்குன்னு தூசியைத் துடைச்சுப் பார்த்தா... 28 x 1½. ஒன்றரை இன்ச்னா கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர்!

புரியுதா பாஸ்? ஃபாரின்காரன் இப்போ 'கண்டுபிடிச்சு' விக்கிற டயர் அகலத்துலதான் நம்ம ஊர் பால்காரரும் போஸ்ட்மேனும் பல தலைமுறையா ஓட்டிக்கிட்டு இருக்காங்க. ஏன்னா அவங்க போன ரோடெல்லாம் கிராவல்தான்!

பழைய சைக்கிளுக்கு ஓவராயில் பண்ணி, புது பிரேக் கட்டை போட்டு 'சீனியர்'னு பேர் வச்சோம். நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கியர் சைக்கிள் 'ஜூனியர்'. ஒரு தை மாசத்துச் சனிக்கிழமை, விடியறதுக்கு முன்னாடி வாணியம்பாடியிலேர்ந்து ரெண்டும் கிளம்பிச்சு.

1.8 மீட்டரும் 5.5 மீட்டரும்

ரூட் சிம்பிள். வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர். ஆலங்காயம் வரைக்கும் பனி மூட்டத்துல ஜாலியா பேசிக்கிட்டே போயிடலாம். அதுக்கப்புறம் மலை நம்மகிட்ட பேச ஆரம்பிக்கும்.

இங்கே ஒரு குட்டி கணக்கு. பயப்படாதீங்க, எம்-3 இல்ல! ஜூனியர்ல முன்னாடி இருக்கிற சின்னச் சக்கரத்துல 24 பல். பின்னாடி பெரிய சக்கரத்துல 28 பல். நான் பெடலை ஒரு சுத்து சுத்தினா பின் சக்கரம் ஒரு முழு சுத்துகூட சுத்தாது. வண்டி 1.8 மீட்டர்தான் நகரும். நத்தை வேகம். ஆனா கால் வலிக்காது. சீனியருக்கு முன்னாடி 44, பின்னாடி 18. ஒரே கியர். பெடல் ஒரு சுத்து சுத்தினா வண்டி கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர் போகும். சமதளத்துல ராஜா. மேட்டுல? ஒவ்வொரு மிதியும் மூணு மடங்கு கனம்!

அதனால காட்சி இப்படி. நான் மெதுவா மிதிச்சுக்கிட்டே ஏற, ரூம்மேட் பக்கத்துலயே சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்து வர்றான். ரெண்டு பேர் வேகமும் ஒண்ணு! "நீ எதுக்குடா இவ்ளோ கஷ்டப்பட்டு மிதிக்கிற?"ன்னு அவன் சிரிச்சுக்கிட்டே கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல. பேச மூச்சும் இல்ல.

காவலூர் போனதும் எல்லாம் மறந்துடும். கடல் மட்டத்துலேர்ந்து 725 மீட்டர் உயரம். மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேர்னு ஒரு டூம். வைணு பாப்பு வானாய்வகம்! இங்கே இருக்கிற 2.34 மீட்டர் டெலஸ்கோப் நம்ம நாட்டுலயே செஞ்சது. 1986-ல் திறந்து வச்சாங்க. 1988 பிப்ரவரியில் இங்கிருந்து கண்டுபிடிச்ச ஒரு குறுங்கோளுக்கு நம்ம கணித மேதை ராமானுஜன் பேரையே வச்சிருக்காங்க. நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வேணும்னுதான் இந்தக் காட்டைத் தேடி வந்தாங்க. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க... இருட்டு சிலருக்கு வரம்.

காவலூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர் போற வழிதான் நான் கனவு கண்ட ரோடு. செங்குத்தா ஏத்தமும் இல்ல, தட்டையும் இல்ல. அலை மாதிரி ஏறுது, இறங்குது. ஒரு இறக்கத்துல கிடைச்ச வேகம் அடுத்த ஏத்தத்துல பாதி வரைக்கும் தூக்கிட்டுப் போகும். ரெண்டு பக்கமும் காடு. நடுநடுவே சாமை அறுத்து முடிச்ச கொல்லை, பலா மரம், புளிய மரம். சீனியர் கூட இங்கே தள்ளாம ஓடிச்சு. ஜமுனாமரத்தூர்ல ஒரு சின்ன லாட்ஜ், பரோட்டா, கும்பகர்ணத் தூக்கம். முதல் நாள் ஓவர்.

அந்த நாலு கிலோமீட்டர்

நிஜ கிராவல் மறுநாள்தான். மெயின் ரோட்டுலேர்ந்து ஒரு கிராமத்துக்குப் பிரியுற மண் பாதை. எந்த கிராமம்னு சொல்ல மாட்டேன். ஏன்னு கடைசியில புரியும். மொத்தம் நாலு கிலோமீட்டர்.

அடடா... என்ன ரோடுங்க அது! செம்மண்ணும் சரளையும் கலந்து, டயருக்குக் கீழே 'கரகர'ன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே கிராவல் ஓட்டலாம். ஒரு வளைவுல மூங்கில் புதர். அடுத்த வளைவுல தூரத்து மலை மடிப்பு. ஒரு ஓடை பாதையைக் குறுக்கே வெட்டிக்கிட்டுப் போகுது. தண்ணி கணுக்கால் அளவுதான். பாலம் கிடையாது. சைக்கிளைத் தூக்கிக்கிட்டுத் தாண்டினோம். எதிர்ல ஒரு வண்டி இல்ல, ஹாரன் இல்ல. ரெண்டு பேரும் சின்னப் பசங்க மாதிரி கத்திக்கிட்டே ஓட்டினோம்.

ஓட்டும்போதே என் மண்டைக்குள்ள இந்த வாரக் கட்டுரை ரெடியாயிடுச்சு. தலைப்பு உட்பட! 'தயவுசெஞ்சு இதுக்குத் தார் போட்டுடாதீங்க!'

அந்தத் தலைப்புக்கு ஒரு ஃபாரின் ஆதாரமும் கையில வச்சிருந்தேன். இத்தாலியில் டஸ்கனி பக்கம் 'ஸ்ட்ராதே பியாங்கே'ன்னு சொல்லுவாங்க. வெள்ளை ரோடுகள்னு அர்த்தம். திராட்சைத் தோட்டம், ஓக் மரக் காடு, குன்றுன்னு வளைஞ்சு போற வெள்ளைச் சரளைப் பாதைகள். ஒண்ணொண்ணா அதுக்கெல்லாம் தார் போட ஆரம்பிச்சப்போ, ஜியான்கார்லோ ப்ரோச்சிங்கிறவருக்கு மனசு தாங்கல. 1997-ல் கயோலேங்கிற ஊர்ல 'எரோய்கா'ன்னு ஒரு சைக்கிள் திருவிழாவை ஆரம்பிச்சார். பழைய சைக்கிள், பழைய ஸ்டைல் டிரஸ், மண் ரோடு. முதல் வருஷம் வந்தது 92 பேர். அப்புறம் ஆயிரக்கணக்குல வர ஆரம்பிச்சாங்க. 209 கிலோமீட்டர் ரூட்டு அந்த ஊர்ப் பக்கம் நிரந்தரமா போர்டு வச்சு ஓடுது. 2007-லேர்ந்து அதே வெள்ளை ரோடுகள்ல புரொஃபஷனல் பந்தயமும் நடக்குது. சைக்கிள்காரங்க சேர்ந்து ஒரு ஊர் மண் ரோட்டையே காப்பாத்தின கதை!

'நம்ம ஜவ்வாது மலைக்கும் ஒரு ப்ரோச்சி வேணும்'னு கடைசி வரி வரைக்கும் யோசிச்சு முடிச்சேன். அப்போதான் ஜூனியர் 'புஸ்ஸ்ஸ்'னு உட்கார்ந்துச்சு.

பாம்புக்கடி

தப்பு என்னோடதுதான். காலையில முன் டயர்ல காத்து நிறைய இருந்துச்சு. சரளையில வண்டி பந்து மாதிரி குதிச்சது. ஒவ்வொரு குதியிலயும் நாம முன்னாடி போக மிதிக்கிற சக்தி மேலே தூக்கிப் போடறதுலயே வீணாகும். மண் ரோட்டுக்குக் காத்தைக் கொஞ்சம் குறைக்கணும். டயர் கல்லோட வடிவத்துக்கு அமுங்கிக் கொடுக்கும். இதெல்லாம் படிச்ச நான், ஆர்வக்கோளாறுல ரொம்பவே காத்தை இறக்கிட்டேன். இறக்கத்துல ஒரு கூர்கல்லு மேல ஏத்தினப்போ டயர் முழுசா அமுங்கி, ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல மாட்டி ரெண்டு இடத்துல வெட்டுப்பட்டுடுச்சு. பஞ்சர் கிட் இருந்துச்சு. ஆனா சொல்யூஷன் ட்யூப் காய்ஞ்சு போய் கல்லாகியிருந்தது. சீனியர் மட்டும் ஒண்ணுமே ஆகாம பக்கத்துல கம்பீரமா நின்னுச்சு!

தள்ளிக்கிட்டே கிராமத்துக்குப் போனோம். நாற்பது வீடு இருக்கும். ஒரு பெட்டிக்கடை. கடை அண்ணன் எங்களை மேலயும் கீழயும் பார்த்துட்டு, உள்ளே போய் சொல்யூஷனும் உப்புத்தாளும் எடுத்துட்டு வந்தார். அவரோட டிவிஎஸ்ஸுக்காக வச்சிருக்காராம். "இங்க பஞ்சர் ஆனா கடைக்குத் தள்ளிக்கிட்டா போவ முடியும்? நாமளேதான் ஒட்டிக்கணும்"னு சொல்லிக்கிட்டே உட்கார்ந்துட்டார். அக்கா வரக்காப்பி கொண்டு வந்து கொடுத்தாங்க. ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு என் கைப்பம்பை எடுத்து ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்துச்சு.

தண்ணித் தொட்டியில் ட்யூபை முக்கினா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இடத்துலேர்ந்து முட்டை முட்டையா காத்து. நான் சும்மா இருக்காம, "அண்ணா, இதுக்குப் பேரு பாம்புக்கடி பஞ்சர். ரெண்டு பல்லு பட்ட மாதிரி ரெண்டு ஓட்டை இருக்கு பாருங்க!"ன்னு சிரிச்சேன்.

அவர் சிரிக்கல.

"இந்த ரோட்டுக்கு எதுக்கு தம்பி வந்தீங்க?"

"சும்மாதான்ணா... ரோடு ரொம்ப நல்லா இருக்குன்னு..."

"நல்லா இருக்கா?"

கோபமா கேட்கல. நிஜமாவே புரியாமத்தான் கேட்டார். உப்புத்தாளைத் தேய்ச்சுக்கிட்டே நிதானமா பேசினார்.

"இந்தா, இவ பொறந்தப்ப ராத்திரி மழை. வலி வந்துடுச்சு. 108-க்குப் போன் போட சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஒருத்தன் ஓடினான். ஆம்புலன்ஸ் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா தார் ரோட்டுலயே நின்னுடுச்சு. ஓடையில தண்ணி இடுப்பு வரைக்கும் போவுது, எப்படி வரும்? மூங்கில்ல பொடவையைக் கட்டி டோலியில தூக்கினோம். எட்டு பேரு மாத்தி மாத்தி. நீங்க வந்தீங்களே, அதே நாலு கிலோமீட்டரு. ரெண்டு மணி நேரம் ஆச்சு."

அக்கா எதுவும் சொல்லல. காலி டம்ளரை வாங்கிக்கிட்டு உள்ளே போயிட்டாங்க. அந்தப் பொண்ணு பம்பை விட்டுட்டு இப்போ சீனியர் பெல்லை அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"இது நல்லபடியா ஆச்சு. பாம்பு கடிச்சா ரெண்டு மணி நேரம் தாங்குமா தம்பி?"

எனக்கு உடனே ஒரு நியூஸ் ஞாபகம் வந்துச்சு. 2023 மே மாசம். இதே மலைத்தொடர்ல, வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை. பாம்பு கடிச்ச ஒன்றரை வயசுக் குழந்தை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள இறந்துபோச்சு. திரும்பும்போது, மேலே போக ரோடு இல்லைன்னு ஆம்புலன்ஸ் பாதியிலயே நிக்க, அந்தக் குழந்தையோட உடம்பை அம்மாவே சுமந்துக்கிட்டு நடந்தாங்க. அந்த போட்டோவை நான் ஹாஸ்டல்ல மொபைல்ல பார்த்திருக்கேன். 'ச்சே'ன்னு சொல்லிட்டு அடுத்த வீடியோவுக்குத் தள்ளியிருக்கேன்.

இருபது நிமிஷம் முன்னாடி நான் மண்டைக்குள்ள எழுதின தலைப்பு ஞாபகம் இருக்கா? எனக்கு இருந்துச்சு. அந்தத் திண்ணையில உட்கார்ந்துக்கிட்டு அதை வெளியே சொல்ல வாய் வரல.

ரூம்மேட் சொன்ன கணக்கு

நான் மெக்கானிக்கல். ரூம்மேட் சிவில். திரும்பி வரும்போது அவன் பாட்டுப் பாடல, கத்தல. ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தான். ஓடைக்கிட்ட நிறுத்தினான்.

"மச்சி, பிரச்னை மண்ணுல இல்லடா, தண்ணியில இருக்கு. ரோட்டு நடுவுல கொஞ்சம் மேடா வச்சு ரெண்டு பக்கமும் சரிவு கொடுத்தா மழைத்தண்ணி நிக்காது. ஓரத்துல வடிகால் வேணும். இந்த ஓடைக்கு ஒரு சின்னப் பாலம் வேணும். வருஷா வருஷம் சரளை கொட்டி ரோலர் ஓட்டணும். இதெல்லாம் இருந்தா தார் போடாமலே ஆம்புலன்ஸ் வரலாம். ஆனா யாரு வருஷா வருஷம் வந்து பார்ப்பா? அதனாலதான் அவங்க தாரையே கேட்கிறாங்க."

அப்போதான் டஸ்கனி கதையில நான் கோட்டை விட்ட பாயின்ட் புரிஞ்சது. அந்த வெள்ளை ரோடுகள்ல சைக்கிள் மட்டும் போகல. அங்கே குடியிருக்கிறவங்க காரும் போகுது. அங்கே மண் ரோடுன்னா பராமரிக்கிற ரோடு. தார் வேணுமா, வெள்ளை ரோடே இருக்கட்டுமான்னு பேச அந்த ஊர்க்காரங்களுக்கு வாய்ப்பு இருந்துச்சு. ப்ரோச்சியும் அந்தப் பக்கத்துக்காரர்தான். இங்கே மண் ரோடுன்னா யாரும் கண்டுக்காத ரோடு. பேர் ஒண்ணு, விஷயம் வேற.

ஹாஸ்டலுக்கு வந்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்து படிச்சோம். (எக்ஸாமுக்குக்கூட இப்படிப் படிச்சதில்ல!) மலைக் கிராமத்துக்கு ரோடு போடறதுல ரெண்டு முடிச்சு இருக்கு.

முதல் முடிச்சு, தலைக்கணக்கு. 2000-ல் ஆரம்பிச்ச பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்துல, சமவெளின்னா 500 பேர், மலை, பழங்குடிப் பகுதின்னா 250 பேர் இருக்கிற குடியிருப்புகளை இணைக்கணும்னு அளவு வச்சாங்க. நாற்பது வீட்டு ஊர்ல 250 தலை தேறுமா?

ரெண்டாவது முடிச்சு, காடு. பாதை போற நிலம் வனத்துறையோடதா இருந்தா, 1980-ல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அனுமதி வாங்கணும். அது சும்மா வச்ச சட்டமும் இல்ல. ரோடு வந்தா மரம் போகும், பின்னாடியே லாரி வரும், ரிசார்ட் வரும். அந்தப் பயமும் நியாயமானதுதான்.

ஆனா அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு சாவி இருக்கு. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரோடு மாதிரி வசதிகளுக்காக, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவா வன நிலத்தை எடுத்துக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக் கூடாது. முக்கியமான விஷயம், கிராம சபை பரிந்துரைக்கணும்.

ரூம்மேட் உடனே கால்குலேட்டரைத் தட்டினான். ஒரு ஹெக்டேர்னா 10,000 சதுர மீட்டர். மூணு மீட்டர் அகலத்துல ரோடு போட்டா 3.3 கிலோமீட்டர் வரும். அந்த ரோடு நாலு கிலோமீட்டர்! அதுல ஊரை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல பட்டா நிலமாத்தான் தெரிஞ்சது. நாங்க கண்ணால பார்த்த கணக்குதான், சர்வே கணக்கு இல்ல. ஆனாலும் ஒரு பேப்பர்ல எல்லாத்தையும் தமிழ்ல எழுதி, அண்ணனுக்கு போஸ்ட்ல அனுப்பினோம். அவங்களுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம். ஏற்கெனவே பத்து மனு கொடுத்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் பதினொண்ணாவது மனுவுக்கு ஒரு பாயின்ட் ஆச்சு.

இப்போ புரியுதா, நான் ஏன் கிராமத்தோட பேரைச் சொல்லலைன்னு? சொன்னா அடுத்த சண்டே முப்பது பேர் போய் நிப்பீங்க. அந்தத் திண்ணையில நீங்களும் 'ரோடு சூப்பர்ணா'ன்னு சொல்வீங்க. முப்பது தடவை அந்த அண்ணன் அதே கதையைச் சொல்லணுமா?

கிளம்பும்போது நடந்ததைச் சொல்லாம விட்டுட்டேன். பஞ்சர் ஒட்டினதுக்குக் காசு கொடுத்தோம். வாங்க மாட்டேன்னுட்டார். பாப்பாவை கேரியர்ல உட்கார வச்சு ஊரை ஒரு ரவுண்டு அடிச்சான் ரூம்மேட். அவ்வளவுதான் கூலி. வழியனுப்பும்போது அண்ணன் சிரிச்சுக்கிட்டே கேட்டார்.

"ரோடு போட்டுட்டாங்கன்னா அப்புறமும் வருவீங்களா தம்பி?"

"கண்டிப்பா வருவோம்ணா!"ன்னு ரூம்மேட் பட்டுனு சொல்லிட்டான்.

நானும் அதையேதான் சொன்னேன். ஆனா ஒரு ரெண்டு செகண்ட் லேட்டா.

நீங்களும் கிளம்பறீங்களா?

சைக்கிள்: புதுசு வாங்க வேண்டியதில்ல. 1½ இன்ச்சுக்குக் குறையாத டயர் இருக்கிற எந்த சைக்கிளும் போதும். மேட்டுல தள்ளுறது கேவலம் இல்ல, ஹெல்த்!

பிரேக்: மலையில ஏர்றதைவிட இறங்குறதுதான் ரிஸ்க். பழைய கம்பி பிரேக் வண்டியில செங்குத்து இறக்கம் வந்தா இறங்கித் தள்ளிடுங்க. சீனியரை அப்படித்தான் கீழே கொண்டு வந்தோம். ஹெல்மெட் கட்டாயம்.

காத்து: டயர் ஓரத்துல அளவு அச்சிட்டிருக்கும். மண் ரோட்டுக்கு அதுல கீழ் அளவை ஒட்டி வச்சுக்கோங்க. அதுக்கும் கீழே இறக்கினா என் கதிதான்.

பையில: ஸ்பேர் ட்யூப், பஞ்சர் கிட், கைப்பம்ப், ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, கடலை மிட்டாய். கிளம்பறதுக்கு முந்தின நாள் சொல்யூஷன் ட்யூபை அமுக்கிப் பாருங்க!

சீசன்: டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் பெஸ்ட். மழை நேரத்துல ஓடைகளை நம்பாதீங்க. மேப்பை முன்னாடியே மொபைல்ல இறக்கி வச்சுக்கோங்க. பாதி இடத்துல சிக்னல் இருக்காது.

காடு: ஊர்களுக்குப் போற பொதுப் பாதையில மட்டும் ஓட்டுங்க. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது குற்றம். பொழுது சாயறதுக்குள்ள தங்குற இடத்துக்கு வந்துடுங்க. காவலூர் டெலஸ்கோப்பைப் பார்க்கணும்னா பார்வையாளர் நாள், நேரத்தை முன்கூட்டியே விசாரிச்சுக்கிட்டுப் போங்க.

ஊர்: பெட்டிக்கடையில காப்பி குடிங்க. காசு கொடுத்து பலாவோ புளியோ வாங்கிட்டு வாங்க. கேட்காம யாரையும் போட்டோ எடுக்காதீங்க. 'ரோடு சூப்பர்'னு சொல்றதுக்கு முன்னாடி, 'ரோடு எப்படிண்ணா இருக்கு?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அடுத்த வாரம் வேற ரூட், வேற கதை. அதுவரைக்கும் செயினுக்கு எண்ணெய் போட்டு வைங்க, டாட்டா!